நேர்ல வந்தாத்தான் மரியாதை

சத்தியமூர்த்தி சார் நாற்காலி மேலிருந்து மல்லாக்க விழுந்தபோது நான் சிரித்துவிட்டேன். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான். பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கிற சேசுராஜ் பார்த்துவிட்டு என் காலை மிதித்தான். மிதித்தவனும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், அது வேறு விஷயம்.

ஒரு மனுஷன் விழுந்து கிடக்கும்போது சிரிக்கிறவள் என்ன பொம்பளை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் நான் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

எங்கள் கம்பெனி பள்ளத்தூரில், வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டில் நடக்கிறது. சார்தான் முதலாளி. அமெரிக்காவில் ஒரு நோயாளியின் ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியாது என்று இன்சூரன்ஸ்காரன் கையை விரித்தால், 'ஏன் கட்ட மாட்டாய், கட்டு' என்று ஆஸ்பத்திரி சார்பாக எழுதிக் கேட்பது எங்கள் வேலை. லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும், கிணற்றடியில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். கொரோனா சமயத்தில் கண்டனூரில் என் வீட்டில் உட்கார்ந்துதான் செய்தேன். அந்த நாட்களில் நல்ல ஊழியர் என்று யார் படத்தையாவது போட வேண்டுமென்றால் என் படத்தைத்தான் போட்டார்கள்.

எனக்குப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று மதுரை டாக்டர் பேர் சொன்னார். தீராது, அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும், மறுபடி அடங்கும். கிளம்பினால் ரத்தமும் சளியுமாகப் போகும். அது வருகிற வேகத்துக்கு 'அவசரம்' என்ற சொல் பற்றாது. ஒரு நிமிஷம் முன்னால் ஒன்றும் இருக்காது. அடுத்த நிமிஷம் உலகத்தில் கழிப்பறையைத் தவிர வேறெதுவும் இருக்காது. வீட்டில் என் மேஜைக்குப் பக்கத்திலேயே அந்தக் கதவு. அதனால்தான் என்னால் வேலை பார்க்க முடிந்தது. வேலை இருந்ததால்தான் கம்பெனி இன்சூரன்சில் மருந்து வந்தது. என் வீட்டுக்காரர் காசி வேன் ஓட்டுகிறார். சுற்றுலாக்காரர்கள் வருகிற மாதத்தில் ஓடும், மற்ற மாதத்தில் நிற்கும். அந்த வருமானத்தில் என் மருந்தை வாங்க முடியாது.

போன வருஷம் சார் எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டார். அந்த வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முன் ஹாலில் எங்கள் மேஜைகள். அதைத் தாண்டி முதல் முற்றம், அதையும் தாண்டி இரண்டாம் முற்றம், அப்புறம் பழைய அடுப்படி, அப்புறம் கொல்லை, அந்தக் கொல்லைக் கோடியில்தான் எங்களுக்கான கழிப்பறை. அந்தக் காலத்தில் கட்டியவர்கள் அப்படித்தான் கட்டினார்கள். சார் அறைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டியிருந்தார். அது வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு. பூட்டி, சாவியைத் தன் மேஜை மேல் வைத்திருப்பார். இதுவரை ஒரு வெளிநாட்டுக்காரனும் வரவில்லை. பீங்கான் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுங்கள் என்று, டாக்டர் கொடுத்த சீட்டோடு போய் நின்றேன். சார் வாங்கி, படிக்காமல், மேஜை ஓரத்தில் வைத்தார்.

"நாகவல்லி, உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. ஆனா நம்ம பக்கத்துல எதுவா இருந்தாலும் நேர்ல வந்தாத்தானே மரியாதை? கல்யாணத்துக்குப் போன்ல அழைச்சா நீங்க போவீகளா?"

"கல்யாணம் வேற, வேலை வேற சார்."

"எல்லாம் ஒண்ணுதான். மொகத்தக் காட்டணும். உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாக."

"அப்ப அந்தச் சாவியவாச்சும் குடுங்க சார்."

"அது கிளையன்ட்டுக்குக் கட்டினது. கோவிச்சுக்காதீக. சாப்பிட்டீகளா?"

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் 'வாங்க, இருங்க, சாப்பிட்டீகளா' என்றுதான் பேசுவார். அந்த மரியாதைதான் எனக்கு வயிற்றெரிச்சல். திட்டுகிற ஆளைத் திருப்பித் திட்டலாம். 'சாப்பிட்டீகளா' என்கிற ஆளை என்ன செய்வது?

நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஒரு திங்கட்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பினார். "நாகவல்லிக்கு என்ன ஒடம்புக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா நல்லதுதானே. மறைக்க என்ன இருக்கு? சொல்லுங்க." வயிறு சரியில்லை என்றேன். "வயிறுன்னா?" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி ஆம்பளைகள். நான் முழுசாகச் சொன்னேன், ரத்தம் போவது வரைக்கும். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சார் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கத்தான் செய்யும். எனக்குச் சுகர் இருக்கு. நான் வரலையா?" என்றார்.

ஆடி மாதம் எனக்குக் கிளம்பிவிட்டது. ஒரு நாள் காலை, பில் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோதே வந்தது. கொல்லை வரைக்கும் தாங்காது என்று தெரிந்துவிட்டது. நேராகச் சார் அறைக்கு ஓடி, மேஜை மேல் இருந்த சாவியை நோக்கிக் கைகாட்டினேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு விரலைத் தூக்கி, இருங்க என்றார். இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த விரல் இறங்கவில்லை. சரி என்று கொல்லைக்கு ஓடினேன். முதல் முற்றம் தாண்டினேன். இரண்டாம் முற்றத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு முன்னால், எல்லாம் முடிந்துபோனது.

சார் அப்போதுதான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். போன் இன்னும் காதில். என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க," என்று போனில் சொல்லிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

காசி வேனைக் கொண்டுவந்தார். சீட்டில் சாக்கு விரித்து என்னை உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். மறுநாள் காலையில் சாரிடமிருந்து போன். மன்னிப்புத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"இப்பத் தேவலையா? நல்லது. நேத்து நீங்க பாதியில போனதுக்கு அரை நாள் லீவு போட்டுட்டோம். நாளைக்கு வந்துருவீகள்ல?"

"வந்துர்றேன் சார்," என்றேன். போனை வைத்ததும் இந்த ஆளை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். எப்படி என்று தெரியாது. ஆனால் விடக் கூடாது.

அப்புறம்தான் அந்த நாற்காலி. ஊழியர்கள் அத்தனை பேரும் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று கம்பெனியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு ஒரு குரூப் போட்டோ வேண்டுமாம். தானே எடுக்கிறேன் என்று நாற்காலி மேல் ஏறினார். எல்லாரும் தெரியவில்லை என்று ஒரு காலைப் பின்னால் வைத்தார். பின்னால் நாற்காலி இல்லை.

இடுப்பெலும்பில் விரிசல். ஆபரேஷன் வேண்டாம், ஆனால் ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது, எல்லாம் படுக்கையிலேயே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து காரைக்குடி வீட்டுக்கு வந்த அன்றே எங்கள் எல்லாருக்கும் சாரிடமிருந்து வாட்ஸப் வந்தது. இனி அவர் வீட்டிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாராம். தினம் காலையில் வீடியோவில் கூட்டமாம். வேலையில் ஒரு குறையும் வராதாம்.

நான் அதை மூன்று தடவை படித்தேன். சேசுராஜ் என் மேஜைக்கு வந்து, "அக்கா, சாரு வீட்ல இருந்தே பாப்பாராம்ல," என்றான்.

"இருக்கட்டும்டா," என்றேன். "ஒடம்புக்கு முடியாம இருக்காக. நாமதான் நேர்ல போயிப் பாக்கணும். போன்ல கேட்டா மரியாதையா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு போகக் கூடாது. போனதும் உட்கார வேண்டும். எப்படி ஆச்சு என்று ஆதியிலிருந்து கேட்க வேண்டும். காபி குடிக்காமல் எழக் கூடாது. வந்தவர்களைப் போங்கள் என்று நோயாளியும் சொல்லக் கூடாது, வீட்டுக்காரர்களும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் பேச்சு பத்து வருஷம் நிற்கும். இதை வைத்து ஒரு மனுஷனைக் கொல்லாமல் கொல்லலாம் என்று அதுவரை எனக்கே தோன்றியதில்லை.

ஆபீசில் முறை போட்டோம். காலையில் இரண்டு பேர், சாயந்தரம் இரண்டு பேர், கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. போகிறவர்கள் தங்கள் வேலைச் சந்தேகங்களையும் நேரில்தான் கேட்டார்கள். "போன்ல கேக்கலாமேப்பா," என்று சார் சொன்னால், "மொகத்தப் பாத்துக் கேட்டாத்தான் சார் எங்களுக்குத் திருப்தி," என்றான் சேசுராஜ். காசி தன் பங்குக்குச் சவாரி போகிற ஊரிலெல்லாம் செய்தியைச் சொல்லிவைத்தார். யாராவது, "போன் போட்டு ஒரு வார்த்த கேக்கணும்," என்றால், "போன்லயா? மனசு வருத்தப்படுவாக. நேர்ல போயிருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்," என்பார். கண்டனூரிலிருந்து ஒரு வேன், கோட்டையூரிலிருந்து ஒரு வேன். பங்காளிகள், பழைய வாத்தியார், கூடப் படித்தவர்கள் என்று ஒருத்தர் விடாமல் வந்தார்கள்.

சார் விழுந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் வாரம் விவரமாகச் சொன்னார். இரண்டாம் வாரம் சுருக்கப் பார்த்தார், யாரும் விடவில்லை. காலைக் கூட்டத்தில் நாங்கள் வீடியோவைப் போட்டால் அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் குனிந்து, "இதுக்குள்ள தெரியுறது யாரு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய அமெரிக்க கிளையன்ட்டுக்கும் அதே பெரியவர்தான் தெரிந்தார். வந்தவர்கள் வைத்தியமும் சொன்னார்கள். ஒருத்தர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார், ஒருத்தர் பத்துப் போடச் சொன்னார். படுத்தே கிடப்பதால் வயிறு இறுகிவிட்டது என்று சார் வாய்தவறிச் சொல்லிவிட, ஒரு உறவுக்காரர் கையோடு கொண்டுவந்த பேதிச் சூரணத்தைத் தானே கலக்கி முன்னால் நின்று குடிக்க வைத்துவிட்டுப் போனாராம். அதற்கென்று டாக்டர் கொடுத்த மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. சூரணம் என் வேலை இல்லை, எனக்கு இனாமாகக் கிடைத்தது.

அதற்கு மறுநாள்தான் நான் போனேன். அதுவரை போகவில்லை. எனக்கான நாளுக்குக் காத்திருந்தேன். சாரின் மகள் சௌபர்ணிகாவுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கண்டரமாணிக்கத்திலிருந்து சம்பந்தியைப் பார்க்க வருகிறார்கள், காசி வேனில். அந்த வேனிலேயே நானும் லேப்டாப்போடு ஏறிக்கொண்டேன்.

சம்பந்தி வருகிறார்கள் என்றால் சும்மாவா? சாரின் வீட்டம்மா விசாலி ஆச்சி வெள்ளைப் பணியாரத்துக்கு அடுப்படியில் நின்றுவிட்டார்கள். ஆச்சி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போட்டிருந்த ஆளை இளநீர் வாங்க அனுப்பியிருந்தார்கள். சார் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, இடுப்புவரை போர்வையோடு படுத்திருந்தார். சம்பந்தி இருவரும் நாற்காலியில். நான் கட்டில் தலைமாட்டுக்கு அருகில் ஸ்டூலில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, காலைக் கூட்டத்தைப் போட்டேன். பள்ளத்தூரில் எல்லாரும் வரிசையாகத் தெரிந்தார்கள்.

"நீங்க எதுக்கு நாகவல்லி இம்புட்டுத் தூரம்?" என்றார் சார்.

"நேர்ல வரணும்ல சார்."

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்புடி விழுந்தீக? மொதல்ல இருந்து சொல்லுங்க."

சார் சொல்ல ஆரம்பித்தார். போட்டோ எடுக்க ஏறியது வரைக்கும் வந்தவர் பாதியில் நிறுத்தினார். மேல் உதட்டில் வேர்வை. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. கால் பெருவிரல் மட்டும் தனியாக ஆடியது. பேச்சை மறுபடி எடுத்தார், மறுபடி நிறுத்தினார். கண் அடுப்படிப் பக்கம் போனது, ஆளைத் தேடியது, சுவரில் வந்து நின்றது.

அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. ஆனால் உள்ளிருந்து எனக்கு அத்துப்படி. சம்பந்திக்குத் தெரியவில்லை. வீடியோவில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருங்கள், இவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்ற பார்வை. மகளைக் கொடுத்த இடத்து மனிதர்கள் முன்னால் அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல முடியாது. அன்றைக்குக் கூட்டத்தில் என்னைச் சொல்ல வைத்தவர்தான்.

நான் சம்பந்தி பக்கம் திரும்பினேன். "ஐயாவுக்கு முன்னாடி பைபாஸ் பண்ணுனாகளாமே? அப்ப எத்தன நாளு படுத்திருந்தீக?"

சம்பந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோன கதையிலிருந்து தொடங்கினார். அவர் வீட்டம்மா நடுநடுவே திருத்தினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, அப்படியே குளிர்ந்தது. ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"நாகவல்லி." சாரின் குரல் அறுந்துபோய் வந்தது. "நீங்க... இனிமே வீட்ல இருந்தே வேலையப் பாருங்க."

"சார்?"

"வீட்ல இருந்தே பாருங்க. இன்னைலருந்து. வர வேண்டாம்."

"எனக்குச் சொன்னாப் போதுமா சார்? நாளைக்கு எல்லாரும் கேப்பாக," என்று லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். "அவுகளுக்கும் சொல்லிருங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நாகவல்லி இனிமே வீட்ல இருந்துதான் வேலை பாப்பாக. ஒடம்பு முடியாதவுக யாரா இருந்தாலும் வீட்ல இருந்து பாக்கலாம். நிரந்தரமா. இது என்னோட உத்தரவு."

சேசுராஜ் அந்தப் பக்கமிருந்து, "கேட்டுச்சு சார், ரெக்கார்டும் ஆயிருச்சு," என்றான்.

நான் கேமராவை அணைத்தேன். லேப்டாப்பை மூடினேன். எழுந்து, "ஐயா, ஆச்சி பணியாரம் எடுத்து வச்சிட்டாக, சாப்பிட வாங்க," என்றேன். சம்பந்தி எழுந்தார். முட்டி வலிக்காரர், மெதுவாகத்தான் எழுந்தார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். சாரின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தைரியமாக இருக்கணும், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆறுதல் சொன்னார். அவரை நான் அவசரப்படுத்தியிருக்கலாம். அவசரப்படுத்தவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். சாரின் கைவிரல்கள் போர்வையை விட்டுவிட்டிருந்தன. முகம் தளர்ந்து கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அறையில் அவரும் நானும்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணோரத்தில் ஈரம் காது வரைக்கும் இறங்கியிருந்தது.

"தெனமும் இப்புடித்தானா நாகவல்லி?"

அந்தச் சீட்டை நீட்டிய அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அந்த மனுஷனுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்திருப்பேன். இப்போது எனக்கு அழுகையும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை.

"இல்ல சார்," என்றேன். "நீங்க படுத்திருக்கீக. நான் இதோட எந்திரிச்சு, எல்லாரும் பாக்க நடந்து போகணும்."

பிறகு கதவருகே வந்து, பந்தியில் உட்கார்ந்த சம்பந்திக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று, "ஆச்சி, வெந்நீரும் பழைய துணியும் எடுத்துட்டு வாங்க, சார் படுக்கையிலயே போயிட்டாக," என்று கூப்பிட்டேன்.